மூட்டு மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரம்: வீட்டார் அறிய வேண்டியவை

 

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் முழங்கால் மூட்டு, இடுப்பு மூட்டு அறுவைக்கான மனுக்களும் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஆஸ்பத்திரிச் செலவு, மாத்திரைச் செலவு, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்வரும் வண்டி வாடகை எல்லாம் அதில் எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அவரைத் தினமும் யார் நடக்க வைப்பார்கள் என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிய மூட்டு வைப்பது டாக்டரின் வேலை. அது சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த மூட்டை மடக்கி, நீட்டி, அதன் மேல் உடம்பின் பாரத்தை ஏற்றி நடக்கப் பழக்குவது நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கு முதல் ஆறு வாரம் மிக முக்கியம். கடன் வாங்கியும் காப்பீட்டு அட்டை மூலமும் செய்த அறுவை முழுப் பலன் தருமா என்பது பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான் முடிவாகிறது. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

அசையாத மூட்டு ஏன் இறுகுகிறது?

அறுவை செய்த இடத்தில் இரத்தமும் நீரும் கோத்து வீக்கம் வரும். காயம் ஆறும்போது உடம்பு தானாகவே நார் போன்ற தழும்புத் திசுவை உண்டாக்குகிறது. தோலின் மேல் நாம் காணும் தழும்பைப் போலவே மூட்டுக்கு உள்ளேயும் தழும்பு உண்டாகும். மூட்டைத் தினமும் மடக்கி நீட்டினால் அந்த நார்கள் இளக்கமாக அமையும். வலிக்குப் பயந்து அசைக்காமலேயே வைத்திருந்தால் நார்கள் சுருங்கி மூட்டை இறுக்கிவிடும். சில வாரங்கள் கழிந்துவிட்டால் அதைத் தளர்த்துவது கடினம். சிலருக்கு மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டிய நிலைகூட வருகிறது.

இது முழங்காலுக்கு மட்டும் உள்ள இயல்பு அல்ல. காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டைப் பாருங்கள். சிறு வயதில் முகவாயில் அடிபட்டோ, காதில் சீழ் பிடித்தோ சில பிள்ளைகளுக்கு அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி வாய் திறக்க முடியாமல் போய்விடும். அறுவை செய்து அதைப் பிரித்து விடுவார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் தினமும் வாய் திறக்கும் பயிற்சியைச் செய்தாக வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று பெற்றோர் விட்டுவிட்டால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தாடையானாலும் முழங்காலானாலும், அறுவை திறந்துவிட்ட அசைவைத் தினசரிப் பயிற்சிதான் காப்பாற்றுகிறது.

இன்னொரு காரணம் தொடைத் தசை. முழங்காலை நீட்டி நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசைதான். வீக்கமும் வலியும் இருக்கும்போது இந்தத் தசை வேலை செய்ய மறுக்கும்; படுக்கையிலேயே கிடந்தால் சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். அது பலமில்லாமல் நின்றால் கால் திடீரென்று மடங்கி விழ நேரிடும். புது மூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதைத் தாங்க வேண்டியது நம் சொந்தத் தசைதான்.

"இந்த வயதில் எதற்கு?"

"இந்த வயசுல இனி நடந்து என்ன ஆகப்போகுது, பேசாம படுத்திருங்கம்மா" என்று பாசத்தோடு சொல்லும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நாடறிந்த ஓர் உதாரணம் சொல்கிறோம். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000 அக்டோபரில், 75 வயதில், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த இந்திய மருத்துவர் சித்தரஞ்சன் ராணாவத் அந்த அறுவையைச் செய்தார். 2001 ஜூனில் வலது முழங்காலும் மாற்றப்பட்டது. அதற்கு அடுத்த மாதம் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபுடன் உச்சி மாநாட்டில் கலந்துகொண்டார்.

அவருக்கு எந்நேரமும் மருத்துவர்களும் உதவியாளர்களும் இருந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் செய்ய வேண்டிய பயிற்சி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு துண்டு, ஒரு வாக்கர், பொறுமையுள்ள ஒரு மகளோ மருமகளோ மகனோ இருந்தால் போதும்.

எந்த வாரத்தில் என்ன?

ஒவ்வொருவர் உடம்பும் வேறு. உங்கள் டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொல்வதே முதன்மை. பொதுவாக முழங்கால் மாற்று அறுவையில் நடைமுறை இப்படி இருக்கும்:

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைத்து, வாக்கர் பிடித்துச் சில அடி நடக்க வைப்பார்கள். "நேத்துதானே ஆபரேஷன், அதுக்குள்ள நடக்க வைக்கிறாங்களே" என்று வீட்டார் பதற வேண்டாம். சீக்கிரம் நடப்பதால் காலில் இரத்தம் உறைவது குறைகிறது. நெஞ்சில் சளி கட்டுவதும் குறைகிறது.

முதல் இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கும் நாள் வரும். அதற்குள் முழங்காலை ஏறக்குறைய 90 டிகிரி, அதாவது நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் நேராக ஊன்றும் அளவுக்கு, மடக்கப் பழகிவிட வேண்டும். படுத்திருக்கும்போது முழங்காலின் பின்புறம் கட்டிலைத் தொடும் அளவுக்குக் கால் நேராக நீளவும் வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் பலர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறுகிறார்கள். வீட்டுக்குள் நடந்தவர்கள் தெருவில் நடக்கத் தொடங்குகிறார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் பெரும்பாலும் கைக்கு வரும். பலமும் நடையும் மேம்படுவது ஒரு வருடம் வரைகூடத் தொடரும்.

மடக்கும் அளவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60 முதல் 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏற இறங்க 90 டிகிரி அளவுக்கு வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்க அதைவிடச் சற்று அதிகம் வேண்டும். 70 டிகிரியிலேயே இறுகிவிட்ட முழங்காலோடு ஒருவர் நடமாடலாம். ஆனால் பேருந்துப் படியும் மாடிப்படியும் அவருக்குப் பெரும் பாடாகிவிடும்.

ஐந்து வேளைப் பயிற்சி

"ஒரு நாளைக்கு எத்தனை முறை பயிற்சி செய்ய வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் எளிய வழி, தொழுகையோடு சேர்த்து வைத்துக்கொள்வது. ஐந்து வேளைத் தொழுகையை நாம் மறப்பதில்லை. ஒவ்வொரு வேளைத் தொழுகைக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் நாள் முழுவதும் பயிற்சி சீராகப் பரவிவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்து காலை வீங்க வைப்பதைவிட இது நல்லது. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் நன்றாக அசைப்பது. இதை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை இருபது முறை செய்யலாம். கெண்டைக்காலில் இரத்தம் தேங்காமல் இருக்க இது உதவும்.

2. காலை நீட்டி, முழங்காலைக் கட்டிலோடு சேர்த்துக் கீழே அழுத்தி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுவது. பத்து முறை.

3. குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்துக்கொண்டு வந்து முழங்காலை மடக்குவது, பிறகு மெதுவாக நீட்டுவது. பத்து முறை. காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் குதிகால் எளிதாக வழுக்கும்.

4. முழங்காலை மடக்காமல் முழுக் காலையும் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது. முதலில் தூக்க வராது; ஒருவர் குதிகாலைத் தாங்கிக்கொள்ளலாம்.

5. நாற்காலியில் உட்கார்ந்து, அறுவை செய்த காலைப் பின்னுக்குக் கொண்டுபோவது. நல்ல காலை அதன் முன்னால் வைத்து மெதுவாக இன்னும் கொஞ்சம் தள்ளுவது.

6. குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் பாரத்தில் தானே நேராகும்படி ஐந்து முதல் பத்து நிமிடம் விடுவது.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். வைத்தால் சுகமாக இருக்கும். அம்மா தூங்குகிறார்களே என்று வீட்டாருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் முழங்கால் சற்று மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழுதாக நீளாத கால், மற்றக் காலைவிடக் குட்டையான காலைப் போலவே நடக்கும். அந்த நொண்டல் இடுப்பையும் முதுகையும் வலிக்கச் செய்யும்.

பயிற்சியின்போது வலி இருக்கும். பயிற்சி முடிந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் குறையும் வலி பயப்பட வேண்டியதல்ல. சாயங்காலம் கால் மிகவும் வீங்கி, இரவெல்லாம் வலித்தால் அன்று நடந்தது அதிகம் என்று பொருள். மறுநாள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியோடு நிறுத்திவிட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வைப்பதும், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்திப் படுப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். காலை உயர்த்தும்போது தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் இருக்கட்டும்.

நடக்கும் முறை

வருடக்கணக்கில் வலியோடு சாய்ந்து சாய்ந்து நடந்தவர்களுக்கு அந்த நடையே பழகிவிடும். வலி போன பிறகும் அந்தப் பழக்கம் தானாகப் போகாது. நேராக நிமிர்ந்து, முன்னால் பார்த்து, முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியில் விரல் என்று ஊன்றி, இரண்டு காலுக்கும் ஒரே அளவு அடி எடுத்து வைக்கப் பழக வேண்டும்.

வாக்கரின் உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் பிடி இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கூன் விழுந்து நடப்பார்கள். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், அதன் பிறகு நல்ல கால் என்ற வரிசையில் நகர வேண்டும். கால்களின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். அறுவை செய்த கால் வலது என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். தடியும் அறுவை செய்த காலும் சேர்ந்தே முன்னால் போகும்போதுதான் அந்தக் காலின் பாரம் குறைகிறது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஏறும்போது உடம்பைத் தூக்குவது மேல்படியில் உள்ள கால். இறங்கும்போது உடம்பைத் தாங்கி இறக்குவது மேல்படியிலேயே நிற்கும் கால். இரண்டு வேலையும் நல்ல காலுக்கே வரும்படி இந்த வரிசை அமைந்திருக்கிறது.

வீட்டை முன்கூட்டியே சரிசெய்யுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் தரைப் பாயும் வேண்டாம். உயரமான, தொய்யாத கட்டில் வேண்டும். உட்காரக் கைப்பிடியுள்ள, முழங்கால் மட்டத்துக்குச் சற்று உயரமான நாற்காலி வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை உள்ள வீடுகளில் கமோடு நாற்காலி வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிட்டால் பிற்காலத்துக்கும் உதவும்.

நிலைப்படி, வாசலில் சுருண்டு கிடக்கும் மிதியடி, ஈரமான குளியலறைத் தரை, ஓடும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஆகியவைதான் ஆட்களை விழ வைக்கின்றன. தஹஜ்ஜுதுக்கோ ஃபஜ்ருக்கோ இருட்டில் எழுபவர்கள் உண்டு. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். கைலியும் புடவையும் தரையில் இழுபடாமல் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். பின்பட்டை இல்லாத ஹவாய் செருப்பு வேண்டாம்.

காயத்தின் கட்டை டாக்டர் சொன்னபடியே பிரிக்க வேண்டும். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துணி கிடைக்கிறது என்பதற்காக வீட்டிலேயே பிரித்துக் கட்டாதீர்கள். அறுவை செய்த காலில் எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும், கட்டு வைத்தியரிடம் காட்டி இழுத்து விடுவதும் அறவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் காயம் ஆறும்.

இடுப்பு மூட்டு என்றால்

வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து மூட்டு மாற்றியவர்களுக்கு விதி சற்று வேறு. புது மூட்டின் பந்து, கிண்ணத்திலிருந்து நழுவிவிடக் கூடாது என்பதற்காகச் சில வாரங்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பார்கள். வழக்கமாகச் சொல்வது மூன்று: தாழ்வான இடத்தில் உட்கார்ந்தோ குனிந்தோ இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அறுவை செய்த காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைக்கச் சொல்வார்கள். அறுவை செய்த முறையைப் பொறுத்து இது மாறும் என்பதால், எத்தனை வாரம் என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் நோயாளிக்குச் சொன்ன பயிற்சியைப் பக்கத்து வீட்டு இடுப்பு நோயாளி பார்த்துச் செய்வது ஆபத்து.

தொழுகையும் ஒளூவும்

அறுவைக்குத் தயங்கும் பெரியவர்கள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஸஜ்தா செய்ய முடியுமா?" என்பதுதான். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஸஜ்தாவுக்கும் அத்தஹிய்யாத்து இருப்புக்கும் முழங்கால் மிக ஆழமாக மடங்க வேண்டும். மாற்று மூட்டு வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வளவு மடங்குவதில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றுவதும் பல மாதங்களுக்குச் சிரமம். பின்னால் அனுமதி உண்டா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நோயாளிக்கு மார்க்கம் சிரமம் வைக்கவில்லை. மூலநோயால் அவதிப்பட்ட நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. நாற்காலியில் தொழுபவர் ருகூவுக்குக் குனிவதைவிட ஸஜ்தாவுக்கு அதிகமாகக் குனிந்து சைகை செய்வார். நிற்க முடிந்தவர் நிலையில் நிற்க வேண்டுமா, எப்போது உட்காரலாம் என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் விளக்கம் வேறுபடுவதால் நம் இமாமிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

ஒளூவைப் பொறுத்தவரை, முழங்கால் கழுவ வேண்டிய உறுப்பு அல்ல. ஆகவே முழங்கால் கட்டு அதற்குத் தடையில்லை. குனிந்து பாதம் கழுவுவதுதான் சிரமம். உயரமான முக்காலியில் உட்கார வைத்து ஒருவர் தண்ணீர் ஊற்றி உதவலாம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் ஓரளவு பலப்பட்டதும், பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் ஆண்கள் ஒரு வேளைத் தொழுகைக்காவது துணையோடு நடந்து வரலாம். அது ஜமாஅத்தின் நன்மையோடு நல்ல பயிற்சியும் ஆகும்.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆண் பிசியோதெரபிஸ்டிடம் காலைக் காட்டக் கூச்சப்பட்டு, பயிற்சியையே விட்டுவிடும் தாய்மார்கள் உண்டு. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கிடைக்காவிட்டால், மகளோ மருமகளோ டிஸ்சார்ஜுக்கு முன்பே உடனிருந்து ஒவ்வொரு பயிற்சியையும் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்ய வைக்கலாம். செல்போனில் பார்த்துச் செய்வதைவிட இது பாதுகாப்பு.

தாடையைச் சரிசெய்தால் நடை சரியாகுமா?

கடிமானம் சரியில்லாததால்தான் உடம்பு சாய்கிறது, தாடையை நேராக்கினால் முழங்கால் வலியும் நடையும் சரியாகும் என்று ஒரு பேச்சு இப்போது பரவுகிறது. தாடைக்கும் கழுத்துத் தசைக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. கடிமானத்தை மாற்றினால் நிற்கும் நிலையில் சிறு மாற்றம் தெரிகிறதா என்று ஆய்வுகளும் நடந்துள்ளன. ஆனால் மூட்டு மாற்றியவரின் நடை அதனால் சீராகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பல்லுக்குக் கிளிப்பும் உறையும் போடும் பணத்தைக் கால் வலிக்காகச் செலவழிக்க வேண்டாம். மெல்லும்போது வலி, தாடை மூட்டில் சத்தம், வாய் திறக்கச் சிரமம் என்றிருந்தால் அதற்காகப் பல் டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் வாய்க்கும் மூட்டுக்கும் வேறொரு வகையில் தொடர்பு உண்டு. சொத்தைப் பல், ஈறு சீழ் இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய்த் தங்கும் வாய்ப்பு உண்டு. மாற்று மூட்டில் சீழ் பிடித்தால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். ஆகவே பல் வைத்தியத்தை அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிற்காலத்தில் பல் பிடுங்கப் போனால் மாற்று மூட்டு இருப்பதைச் சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டரும் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பார். பாக்கு, குட்கா மெல்லும் பழக்கத்தால் வாய் திறப்பது குறைந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும், காய்ச்சலோடு குளிர், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிதல், காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாதல், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை, இடுப்பு அறுவை செய்த கால் திடீரென்று குட்டையாகவோ திரும்பியோ தெரிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே அறுவை செய்த ஆஸ்பத்திரியைத் தொடர்புகொள்ளுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை நிறுத்தாதீர்கள். ரமலானில் அறுவை செய்தவர்கள் மாத்திரை நேரத்தையும் நோன்பையும் பற்றி டாக்டரிடமும் இமாமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மூட்டு மாற்று அறுவையும் அதில் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று அட்டை எடுத்துக்கொள்ளலாம். விவரத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தனியாகச் செலவு செய்வோர் ஒன்றைக் கவனியுங்கள்: 2017 ஆகஸ்ட் 16-ல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மாற்று மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. பெரும்பாலோருக்கு வைக்கப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இப்போதைய வரம்பைக் கேட்டு, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் பயிற்சிக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளிலும், 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். அங்கே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரை தருவதோடு பிசியோதெரபியும் அத்திட்டத்தில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள்.

இனி மூட்டு அறுவைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களில் இரண்டு விவரங்களைச் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆறு வாரம் நோயாளியுடன் இருந்து பயிற்சி செய்ய வைக்கப்போவது யார்? அவர் பயிற்சியைக் கற்றுக்கொண்டாரா? தனியாக வாழும் முதியவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அதை வெட்கப்படாமல் எழுதுங்கள். அந்தத் தெருவில் உள்ள சகோதர சகோதரிகளை முறை வைத்து அனுப்ப ஏற்பாடு செய்வோம். உபயோகம் முடிந்த வாக்கர், கமோடு நாற்காலி வீட்டு மூலையில் இருந்தால் அடுத்தவருக்குப் பயன்பட நம் அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். அது ஸதகாவாக அமையும்.

நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நம் கடமைகளில் ஒன்று. மூட்டு அறுவை செய்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது, "வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புங்க" என்று அன்போடு கேளுங்கள். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து வரும் அந்தப் பத்தடியும் பயிற்சிதான். நோயுற்ற நம் பெரியவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்